அயல்மண்ணில் இராமானுசர்

திருப்பெரும்பூதூர் நம் இருங்காட்டுக்கோட்டைக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் சில கல் தொலைவில் உள்ளது. வைணவர்கள் பூதபுரி என்று போற்றும் அவ்வூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இராமானுசரின் திருவுருவம் எழுந்தருளியிருக்கிறது. அதற்குத் தானுகந்த திருமேனி என்று பெயர். சிறப்புப் பெயர் பெற்ற வேறு இரண்டு திருமேனிகளும் அவருக்கு உண்டு. திருவரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. கருநாடக மாநிலத்து மாண்டியா மாவட்டத்தில், மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி. ஒன்று அவர் பிறந்த ஊரில் இருக்கிறது. ஒன்று அவர் பணியாற்றி மறைந்த ஊரில் இருக்கிறது. மூன்றாவதோ அவர் பிறக்காத, மறையாத, அவருடைய தாய்மொழி வழங்காத நாட்டில் இருக்கிறது. அங்கே அது எவ்வாறு வந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1996இல் ஹூண்டாய்த் தொழிற்சாலைக்கு இங்கே கால்கோள் நடந்தது. 1998இல் அங்கிருந்து முதல் கார்கள் வெளிவந்தன. பின்னர் ஒரகடம் வரை ஆலைகள் எழுந்தன. கொரிய நாட்டுப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்தனர். பீகார், ஒரிசா, அசாம் இளைஞர்கள் ஓர் அறைக்கு எட்டுப் பேராக வந்து தங்கினர். தென்மாவட்டங்களிலிருந்து வந்த நம்மவர்களும் மிகப் பலர். நம் பிள்ளைகளோ ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர்ந்து வாழ்தல் என்பது இன்று நம் வீட்டுச் செய்தி. இந்த மண்ணில் பிறந்த பெரியவர் ஒருவரும் தம் முதுமையில் அந்தச் செய்திக்கு உரியவராக நின்றார் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. திருக்கோட்டியூரில் கோபுரத்தின்மேல் ஏறியவராகவே அவரை நினைக்கிறோம். கோபுரத்திலிருந்து இறங்கிக் காட்டு வழியே நடந்தவராக நினைப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இராமானுசரின் வாழ்வைக் குருபரம்பரை நூல்கள் வழியாகவே பெரும்பாலும் அறிகிறோம். அவை அடியார்கள் எழுதியவை. அன்பு மிகுந்த இடங்களில் அற்புதமும் மிகும். 1017இல் பிறந்து 1137இல் மறைந்து, 120 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபுக் கணக்கு. ஆண்டுகள் சற்றுப் பிந்தியவையாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உளர். ஆகவே இங்கே மரபு சொல்வதை மரபு என்றும், கல்வெட்டு சொல்வதைக் கல்வெட்டு என்றும் பிரித்தே சொல்லுவோம்.

பூதூரிலிருந்து அரங்கம் வரை

ஆசூரிக் கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மைக்கும் சித்திரைத் திருவாதிரையில் பிறந்த பிள்ளைக்கு இளையாழ்வார் என்று பெயரிட்டவர் தாய்மாமனான பெரிய திருமலை நம்பி. தந்தை மறைந்தபின் குடும்பம் காஞ்சிக்குப் பெயர்ந்தது. திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற இளைஞர், ஆசிரியர் சொன்ன பொருளை ஏற்க இயலாத இடங்களில் மறுத்துப் பேசினார். ஆசிரியரின் மனம் கசந்தது. காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று வழியில் அவரை ஒழித்துவிடும் எண்ணம் உருவானதாகவும், தம்பி முறையான கோவிந்தர் எச்சரித்ததால் விந்தியக் காட்டில் பிரிந்து தப்பியதாகவும் குருபரம்பரை கூறும். திசை தெரியாமல் நின்றவரை வேடனும் வேட்டுவச்சியுமாகிய இருவர் வழிநடத்திக் காஞ்சியின் எல்லையில் விட்டு மறைந்தனராம். அவர்களைத் தேவப்பெருமாளும் பெருந்தேவித் தாயாரும் என்று கொள்வது பக்தர்களின் நம்பிக்கை. பெயர் அறியாத காட்டு மனிதரிடம் உயிரை ஒப்படைத்து நடந்த முதல் அனுபவம் அது. முதுமையில் அது மீண்டும் வந்தது.

காஞ்சியில் அவருக்கு நெறி காட்டியவர் திருக்கச்சி நம்பிகள். பூவிருந்தவல்லியில் பிறந்த அவர் பிறப்பால் அந்தணர் அல்லர். அவரைக் குருவாகக் கொண்டு, அவர் உண்ட சேடத்தை உண்ண விரும்பினார் இராமானுசர். வீட்டில் அதற்கு இடமில்லாமல் போனது. இல்லறத்தில் நேர்ந்த இத்தகைய பிணக்குகளே அவரைத் துறவுக்குச் செலுத்தின என்பர். மதுராந்தகத்தில் பெரிய நம்பிகள் அவருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் செய்வித்தார். பின்னர்த் திருவரங்கம் அழைத்தது.

திருவரங்கத்தில் அவர் அறிஞராக மட்டும் அமரவில்லை. கோயிலின் நிருவாகத்தைச் சீர்செய்தார். பணியாளர்களின் கடமைகளை வகுத்தார். முன்னர் நிருவாகம் திருவரங்கத்தமுதனார் கையில் இருந்தது. முதலில் இணங்காத அவரைக் கூரத்தாழ்வான் அமைதியாகப் பேசி இணங்கச் செய்தார். அதே அமுதனார் பிற்காலத்தில் இராமானுசர்மேல் 108 பாடல்கள் கொண்ட நூற்றந்தாதி பாடினார் என்பதைக் கவிஞர்கள் அறிவர். சீர்திருத்தத்தை விரும்பாதவர் பிச்சையுணவில் நஞ்சிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அத்தனையையும் கடந்து, ஊரும் கோயிலும் தமதென்று ஆகிவிட்ட நிலையில், மரபுக் கணக்கின்படி எண்பதை ஒட்டிய வயதில், அவர் அந்த ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது.

வெள்ளை உடுத்து வெளியேறியது

சோழ மன்னன் ஒருவன் சிவனே முழுமுதல் என்று எழுதிக் கையொப்பமிடுமாறு அறிஞர்களை வற்புறுத்தினான் என்பது மரபு. வைணவ நூல்கள் அவனைக் கிருமிகண்ட சோழன் என்று குறிக்கின்றன. அவன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. முதற் குலோத்துங்கன் என்போர் பலர். சோழர் பலரும் வைணவக் கோயில்களுக்குக் கொடை அளித்தவர்களே என்பதையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆகவே இதனை ஒரு சமயத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் பழியாகக் கொள்ளாமல், அதிகாரத்துக்கும் மனச்சான்றுக்கும் இடையே நேர்ந்த மோதலாகக் கொள்வதே தகும்.

அரசனின் ஆட்கள் இராமானுசரைத் தேடி வந்தபோது அவர் நீராடச் சென்றிருந்தார். கூரத்தாழ்வான் ஆசிரியரின் காவியாடையை உடுத்து, முக்கோலை ஏந்தி, தாமே இராமானுசர் என்று புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பிகளும் உடன் சென்றார். இராமானுசருக்கு எஞ்சியது கூரத்தாழ்வானின் வெள்ளை வேட்டி. துறவு பூண்ட நாள்முதல் களையாத காவியைக் களைந்து இல்லறத்தாரின் வெள்ளையை உடுத்து, சில சீடர்களோடு காவிரிக் கரையை ஒட்டி மேற்கே நடந்தார்.

அரசவையில் கூரத்தாழ்வான் கையொப்பமிட மறுத்தார். தம் கண்களைத் தாமே பறித்துக்கொண்டார் என்று நூல்கள் சொல்கின்றன. பெரிய நம்பிகளின் கண்களை அரசன் பறிப்பித்தான். அந்த முதியவர் திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார். இவை எதையும் அறியாமல் இராமானுசர் காட்டில் நடந்துகொண்டிருந்தார். தம்முடைய ஆடையும் பெயரும் வேறொருவரோடு ஆபத்தை நோக்கிப் போயிருக்கின்றன என்பதை மட்டுமே அவர் அறிவார்.

பெயர்ந்து செல்வோரின் துயரத்தில் பெரும்பங்கு இதுதான். செல்லும் இடத்தின் அச்சம் ஒரு பாதி. விட்டு வந்தவர்கள் என்ன ஆனார்களோ என்ற நினைவு மறு பாதி. கடிதமும் தொலைபேசியும் இல்லாத காலத்தில் அந்த மறு பாதி எவ்வளவு கனத்திருக்கும் என்பதை நாம் உணரலாம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு அதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

தினைமாவும் ஒரு பெண்ணின் அடிசிலும்

வழியில் மலையடிவாரத்தில் வேடர்கள் அவர்களைக் கண்டு தேனும் தினைமாவும் கொடுத்து உபசரித்தனர். அங்கிருந்து கொங்கு நாட்டில் ஓர் அந்தண இல்லத்தை அடைந்தனர். அந்த வீட்டுப் பெண்ணைக் கொங்குப் பிராட்டி என்று நூல்கள் அழைக்கின்றன. அவருடைய வரலாறு தனித்துக் கூறத்தக்கது.

முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது இப்பெண் கணவரோடு திருவரங்கத்துக்குப் பிழைக்க வந்தார். பிச்சைக்கு வந்த இராமானுசரை ஊரார் வணங்குவதைப் பார்த்து, அரசரும் வணங்கும்படி உம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். இராமானுசர் அக்கேள்வியைப் பிழையாகக் கொள்ளவில்லை. தம்மிடம் இருந்த மந்திரத்தை அவருக்கு உபதேசித்தார். பஞ்சம் நீங்கி ஊர் திரும்பும் வேளையில், மந்திரம் மறந்துவிட்டது என்று அப்பெண் வந்து நின்றபோது மீண்டும் உபதேசித்தார். தம் பாதுகைகளையும் அளித்தார்.

பல்லாண்டு கழித்து, வெள்ளை வேட்டி உடுத்துக் களைத்து வந்த கூட்டத்தில் அவரை அப்பெண்ணால் முகத்தைக் கொண்டு அடையாளம் காண இயலவில்லை. ஒவ்வொருவர் திருவடியையும் பார்த்து, தாம் பூசித்துவந்த பாதுகைக்கு உரிய அடி இது என்று தேர்ந்தார். அன்று அவர் வீட்டில் எல்லாரும் உண்டனர். அங்கேதான் இராமானுசர் மீண்டும் காவி ஏற்றார் என்பது வழக்கு.

பிழைக்க வந்த பெண்ணுக்குத் திருவரங்கத்தில் மதிப்போடு ஒரு சொல் கிடைத்தது. அதனாலேயே பிழைக்கப் போன துறவிக்குக் கொங்கு நாட்டில் ஓர் இல்லம் கிடைத்தது. வந்தவருக்கு நாம் செய்வது எங்கே, எப்போது, யாருக்குத் திரும்பிவரும் என்பதை யாரும் கணக்கிட்டுச் செய்ய முடியாது. இராமானுசரும் கணக்கிட்டுச் செய்யவில்லை.

போசள நாட்டில்

கொங்கைக் கடந்து அவர்கள் போசளர் ஆண்ட கன்னட நாட்டை அடைந்தனர். இன்று மைசூர் மாவட்டத்தில் உள்ள சாளக்கிராமம் என்னும் ஊரில் தங்கினர். அங்கே மக்கள் நீராடும் துறையில் முதலியாண்டான் தம் கால்களை நனைத்ததாகவும், அந்நீரில் நீராடியவர்கள் மனம் திரும்பியதாகவும் மரபு கூறும். அவ்வூரில்தான் வடுக நம்பி சீடரானார். அவர் தமிழ்நாட்டார் அல்லர். ஆயினும் ஆசிரியரைவிட்டு ஒரு நாளும் பிரியாத தொண்டர் ஆனார்.

அடுத்துத் தொண்டனூர். மேல்கோட்டைக்கு அருகில் பெரிய ஏரியோடு விளங்கும் ஊர் அது. அங்கே தொண்டனூர் நம்பி என்னும் அடியார் அவரை வரவேற்றார். போசள மன்னன் பிட்டிதேவனின் மகளைப் பற்றியிருந்த பேயை நீக்கியதால் மன்னன் அடியவனானான், விஷ்ணுவர்த்தனன் என்று பெயர் பெற்றான் என்பது குருபரம்பரைச் செய்தி. சமண அறிஞர்களோடு வாதம் நடந்ததாகவும் கூறுவர். விஷ்ணுவர்த்தனன் 1116இல் சோழரிடமிருந்து தலைக்காட்டை வென்றதும், 1117இல் பேலூரில் சென்னகேசவர் கோயில் எழுப்பப்பட்டதும் கல்வெட்டுச் செய்திகள். அவனுடைய அரசி சாந்தலை இறுதிவரை சமணராகவே வாழ்ந்தார். அரசனும் சமணக் கோயில்களுக்குத் தொடர்ந்து கொடை அளித்தான். மரபு நூல்கள் வெற்றி தோல்வியாகச் சொல்லும் இடத்தில், கல்வெட்டுகள் ஒரே அரண்மனையில் இரு சமயங்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. தம் ஊரில் ஒரு கையொப்பத்துக்காகக் கண்களை இழக்க வேண்டியிருந்தது. அயலூரிலோ கணவன் ஒரு சமயம், மனைவி ஒரு சமயம் என்று வாழ முடிந்தது. இராமானுசர் இதைக் கண்ணாரக் கண்டிருப்பார்.

தீர்ந்துபோன திருமண்

இனி மேல்கோட்டைக்கு வருவோம். யாதவகிரி என்றும், பின்னர்த் திருநாராயணபுரம் என்றும் வழங்கிய மலையூர் அது. அங்கே அவர் சென்ற காரணமாக மரபு சொல்லும் செய்தி மிக எளியது. நெற்றியில் இட்டுக்கொள்ளும் திருமண் தீர்ந்துபோயிற்று.

வைணவத் துறவிக்குத் திருமண்காப்பு நாள்தோறும் வேண்டுவது. ஊரிலிருந்து கொண்டுவந்த கட்டி கரைந்து கரைந்து ஒரு நாள் இல்லாமலாயிற்று. அது கிடைக்கும் இடத்துக்குத் திரும்பிச் செல்லவோ, அங்கிருந்து வருவிக்கவோ வழியில்லை. அவர் வருந்திய இரவில், யாதவகிரியில் திருமண் இருக்கிறது, அங்கே நானும் இருக்கிறேன் என்று திருநாராயணன் கனவில் அறிவித்தானாம். மன்னனின் ஆட்களோடு காட்டைத் திருத்திச் சென்றபோது, புற்றினுள் மறைந்திருந்த பெருமாளும், கல்யாணித் தீர்த்தத்தின் பக்கத்தில் வெள்ளை மண்ணும் கிடைத்தன. மேல்கோட்டைத் திருமண் இன்றும் பெயர் பெற்றது.

அயல்நாடு சென்ற எவரும் இதை அறிவர். அம்மா கட்டிக் கொடுத்த பொடி முதல் மாதத்தில் தீரும். ஊறுகாய் மூன்றாம் மாதத்தில் தீரும். அதுவரை ஊரை மூட்டையில் வைத்து வாழ்ந்தவர், அன்றுமுதல் வேறு வகையில் வாழத் தொடங்க வேண்டும். சிலர் அந்தக் குறையிலேயே தங்கிவிடுகிறார்கள். சிலர் இனி அது வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். இராமானுசர் இரண்டையும் செய்யவில்லை. நெற்றியில் இடும் குறியை அவர் கைவிடவில்லை; ஆனால் அதற்கான மண்ணை அந்த நாட்டு மண்ணிலேயே தேடினார். தேடிப்போன இடத்தில் அவருக்கு ஒரு கோயிலும் வாய்த்தது.

செல்வப்பிள்ளையும் திருக்குலத்தாரும்

மூலவர் கிடைத்தார், திருவிழாவுக்கு உரிய உற்சவர் இல்லை. அத்திருமேனி தில்லியில் சுல்தானின் அரண்மனையில், அவன் மகளின் விளையாட்டுப் பொருளாக இருந்தது என்றும், இராமானுசர் அங்கே சென்று செல்வப்பிள்ளையே வா என்று அழைக்க அது வந்து மடியில் அமர்ந்தது என்றும், பிரிவாற்றாமல் பின்தொடர்ந்த அப்பெண் பெருமாளின் திருவடியில் கலந்தாள் என்றும் சொல்வார்கள். தில்லி சுல்தானகம் 1206இல்தான் தொடங்கியது. ஆகவே இச்செய்தி இப்போதைய வடிவில் இராமானுசர் காலத்ததாக இருக்க முடியாது. ஆயினும் மக்கள் இதை ஏன் சொன்னார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. வேற்று நாட்டிலிருந்து, வேற்றுச் சமயத்திலிருந்து அன்பினால் வந்த ஒரு பெண்ணுக்குக் கோயிலுக்குள் இடம் கொடுத்தார்கள். மேல்கோட்டையில் பீபி நாச்சியார் என்றும், திருவரங்கத்தில் துலுக்க நாச்சியார் என்றும் அவள் வணங்கப்படுகிறாள். திருவரங்கத்தில் அவளுக்கு ரொட்டி படைக்கும் வழக்கம் உண்டு. வந்தவளை நம் சோற்றுக்குப் பழகிக்கொள் என்று விட்டுவிடாமல், அவள் நாட்டு உணவை அவளுக்குச் சமைத்துப் படைக்கிறார்கள்.

செல்வப்பிள்ளையை மீட்டுக் கொண்டுவரும் வழியில் காத்து உதவியவர்கள், ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மக்கள். இராமானுசர் அவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தார். ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில் அவர்கள் கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையை ஏற்படுத்தினார் என்பது மேல்கோட்டையின் உறுதியான மரபு. ஆண்டு முழுவதற்குமான உரிமையாக அது இல்லையே என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எல்லார்க்கும் கதவு திறக்க இருபதாம் நூற்றாண்டின் சட்டங்கள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் அடைக்கலம் தேடி வந்த ஒருவர், தமக்கு இடம் கொடுத்த ஊரின் மேலோரை மட்டும் மகிழ்வித்து நாளைக் கழித்திருக்கலாம். அதுவே பாதுகாப்பான வழி. அவர் அவ்வூரின் கடைசி மனிதருக்கும் தாம் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். குடியேறியவர் செய்யக்கூடிய செயல்களில் இதைவிடத் துணிவு மிக்கது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

ஊரிலிருந்து வந்த செய்தி

இடையில் அவர் ஒரு சீடரைத் திருவரங்கத்துக்கு அனுப்பிச் செய்தி அறிந்துவரச் செய்தார். பெரிய நம்பிகள் மறைந்ததும், கூரத்தாழ்வான் கண் இழந்ததும் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தன. அவர் துடித்துப் போனார் என்று நூல்கள் கூறுகின்றன. தாம் உயிரோடு கோயில் கட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் மற்றொருவரின் கண்களால் வாங்கப்பட்டது என்னும் அறிவோடு அவர் எஞ்சிய ஆண்டுகளை அங்கே கழித்தார்.

கூரத்தாழ்வானும் சொந்த ஊரில் இருக்கவில்லை. இராமானுசரைச் சார்ந்தவர்களைக் கோயிலுக்குள் விடலாகாது என்று ஆணை இருந்தது. கூரத்தாழ்வான் நல்லவர், அவர் வரலாம் என்று காவலர் ஒருவர் இசைந்தாராம். ஆசிரியரின் தொடர்பை மறுத்துக் கிடைக்கும் நற்பெயர் தமக்கு வேண்டாம் என்று அவர் திரும்பினார். குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குச் சென்று அழகர்மலை அடிவாரத்தில் வாழ்ந்தார். அழகரின் வடிவழகைப் பாடும் சுந்தரபாகு ஸ்தவம் என்னும் வடமொழித் துதியை அவர் அங்கே இயற்றினார். கண்ணிழந்த ஒருவர் வடிவழகைப் பாடிய அந்நூல் கவிஞர்கள் கருதத்தக்கது. ஆசிரியர் வடமேற்கே ஒரு மலையில், மாணவர் தெற்கே ஒரு மலையில், இருவரும் திருவரங்கத்தை நினைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தனர் என்று மரபு கணக்கிடுகிறது.

மீட்சி

சோழன் மறைந்தான் என்ற செய்தி வந்தது. திரும்பும் காலம் வந்தது. ஆனால் புறப்பாடு எளிதாக இல்லை. பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு குழந்தை வளர்ந்து வேதம் ஓதத் தொடங்கும் காலம். மேல்கோட்டை மக்கள் அவரைப் பிரிய மறுத்தனர். கோயில் பணிகளுக்காக ஐம்பத்திருவரை அவர் அங்கே நியமித்தார். தம் வடிவாக ஒரு திருமேனியைச் செய்வித்து நிறுவ இசைந்தார். அடியார்கள் விரும்பிப் பெற்றதால் அது தமர் உகந்த திருமேனி ஆயிற்று.

வடுக நம்பி அவரோடு திருவரங்கத்துக்கு வந்தார். இப்போது அயல்நாட்டில் வாழ வேண்டியவர் அவர். ஒரு நாள் அரங்கன் வீதியில் எழுந்தருளியபோது, வந்து சேவிக்குமாறு இராமானுசர் அழைத்தார். ஆசிரியருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த வடுக நம்பி, உங்கள் பெருமாளைக் காண வந்தால் எங்கள் பெருமாளுக்கு வைத்த பால் பொங்கிவிடும் என்று மறுத்துவிட்டாராம். அரங்கன் வீதியில் வரும்போது அடுப்படியில் நிற்பதை வேற்றூரார் கண்கள் குறையாகக் கண்டிருக்கலாம். இராமானுசர் குறை காணவில்லை. தம் வழிபாடு தமக்கு, அவர் அன்பு அவருக்கு என்று விட்டார். அயலூரில் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தவருக்கு அந்தப் பொறுமை வந்திருக்கும்.

கூரத்தாழ்வானைச் சந்தித்தபோது இராமானுசர் கண்ணீர் விட்டார். காஞ்சி வரதனிடம் கண்களை வேண்டுமாறு பணித்தார். கூரத்தாழ்வான் வேண்டியதோ, தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்குத் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்பது. பகைவனுக்கும் வீடு கேட்ட அந்த உள்ளத்தின் முன் ஆசிரியரும் வியந்து நின்றார். பின்னர்க் கூரத்தாழ்வான் முன்னே மறைந்தார். இராமானுசர் அந்தப் பிரிவையும் தாங்கி, திருவரங்கத்திலேயே வாழ்ந்து நிறைந்தார்.

பின் வந்தவர்கள்

கன்னட நாட்டில் அவர் விட்டுவந்த வித்து எவ்வாறு முளைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். மேல்கோட்டைக் கோயிலில் இன்றும் ஆழ்வார்களின் தமிழ் ஒலிக்கிறது. ஹெப்பார், மண்டயம் என்று வழங்கும் வைணவக் குடிகள் கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழைத் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசிவந்துள்ளனர். அதே குடிகளிலிருந்து கன்னட இலக்கியத்தின் முன்வரிசையாளர்கள் தோன்றினர். 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதைப் பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டவர். மேல்கோட்டையிலேயே 1905இல் பிறந்த பு.தி. நரசிம்மாச்சார் கன்னடத்தின் பெருங்கவிஞர். கண்ணன் கோகுலத்தை விட்டுப் பிரிந்து செல்வதைக் கோகுல நிர்கமனம் என்னும் இசைநாடகமாக எழுதியவர் அவர். வீட்டில் ஒரு மொழி, கவிதையில் ஒரு மொழி என்று வாழ்வது துரோகமன்று. அது இரு வீட்டுக்கும் பிள்ளையாக இருப்பது என்பதை அவர்கள் வாழ்ந்து காட்டினர்.

மற்றொரு செய்தி நமக்கு இன்னும் நெருக்கமானது. மண்டயம் குடும்பத்தாரே சென்னையில் இந்தியா இதழை நடத்தினர். 1908இல் பாரதியார் புதுச்சேரிக்குத் தப்பிச் சென்றபோது, அவ்விதழும் அங்கே பெயர்ந்தது. மண்டயம் ஸ்ரீனிவாசாச்சாரியார் அங்கே கவிஞருக்கு உற்ற துணையாக நின்றார். கன்னட நாட்டில் வேரூன்றிய ஒரு தமிழ்க்குடி, அரசுக்கு அஞ்சி அயல்மண் புகுந்த தமிழ்க்கவிஞனுக்கு நிழலாயிற்று. கொங்குப் பிராட்டியின் கதையே வேறு வடிவில் மீண்டும் நடந்தது போலத் தோன்றுகிறது.

நிறைவாக

இராமானுசரின் தத்துவத்தை ஆராய இங்கே இடமில்லை; எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை. அயல்மண்ணில் வாழ்ந்த ஒரு முதியவராக மட்டுமே அவரைப் பார்த்தோம். உயிர் காக்க வேண்டியபோது ஆடையை மாற்றிக்கொண்டார், கொள்கையை மாற்றவில்லை. ஊர் மண் தீர்ந்தபோது அயல்மண்ணை நெற்றியில் இட்டார். தமக்கு உதவிய மக்களுக்குத் தம்மால் இயன்ற உரிமையைப் பெற்றுத் தந்தார். ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோது திரும்பினார். ஆனால் அந்நாட்டைத் தங்கிப்போன சத்திரமாக எண்ணாமல், தம்மில் ஒரு பகுதியை அங்கேயே விட்டு வந்தார்.

நம் மண்ணில் பிறந்தவர் அவர் என்று பெருமை கொள்கிறோம். 2017இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினோம். ஆனால் அவருக்கு அயலூரார் செய்ததை நம் ஊருக்கு வருபவர்களுக்கு நாம் செய்கிறோமா? ஆலையில் இரவுப்பணி முடித்துக் கடைவீதியில் நிற்கும் ஒடியா இளைஞனை நாம் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறோமா, அல்லது வடக்கன் என்ற ஒரு சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுகிறோமா? கொரிய மொழியிலும் இந்தியிலும் ஒடியாவிலும் தம் ஊரை நினைத்து ஏதேனும் எழுதிவைத்திருப்பவர் இந்த ஆலை வீதிகளில் நிச்சயம் இருப்பார். அவரைத் தேடி அழைத்துவந்து கேட்பதை அடுத்த பத்தாண்டுக்கான பணியாக நம் வட்டம் மேற்கொள்ளலாம். கூட்டத்துக்கு வருபவர் தமிழ் அறியாதவராக இருந்தால், பொருளைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்லட்டும். பூதூர்ப் பெரியவருக்கு இந்த மண் செய்யத்தக்க வழிபாடு அதுவே என்று எண்ணுகிறேன்.